கூம்பு மலையில் ஸ்கி: எரிமலை ஏன் இழுக்கிறது, எங்கே ஏமாற்றுகிறது

சின்னப் பிள்ளையிடம் ஒரு மலை வரையச் சொல்லிப் பாருங்கள். இரண்டு சாய்கோடு இழுத்து, உச்சியில் கொஞ்சம் வெள்ளை பூசிக் கொடுத்துவிடும். உலகத்தில் உள்ள மலைகளில் பெரும்பாலானவை அப்படி இருப்பதில்லை, முகடும் பள்ளமும் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக ஒளிந்துகொள்ளும் சிகரங்களுமாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளை வரைந்தது எரிமலையை. ஃபூஜி, சிலியின் ஒசோர்னோ, அமெரிக்காவின் ஹூட், ரஷ்யாவின் கிளியுச்செவ்ஸ்கயா எல்லாம் அந்தப் படம்தான். ஸ்கி கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் இந்த மலைகளைத் தேடிப் போவதற்குக் காரணமும் அந்தப் படம்தான்: உச்சியிலிருந்து அடிவாரம் வரை கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் ஒரே இறக்கம், நடுவே மறைக்க எதுவும் இல்லை. எனக்கு இந்த விஷயத்தில் பெரிய ஈர்ப்பு உண்டு, கூடவே ஒரு கவலையும் உண்டு. எரிமலை சுலபமாகத் தெரிவதற்கு என்னென்ன காரணமோ, அதே காரணங்கள்தான் அதை ஆபத்தாகவும் ஆக்குகின்றன. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் இந்த விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். கம்பியில் தொங்கி மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டில் ஏறி, சமன்படுத்திய பாதையில் சறுக்கி இறங்குவது ஒரு வகை. ஸ்கி மவுண்டனியரிங் அது இல்லை. இதில் லிஃப்ட் கிடையாது, சொந்தக் காலில்தான் ஏற வேண்டும். ஸ்கியின் அடிப்பக்கத்தில் 'ஸ்கின்' என்று ஒரு பட்டையை ஒட்டுவார்கள். அதன் ரோமம் முன்பக்கம் வழுக்கும், பின்பக்கம் பிடித்துக்கொள்ளும். குதிகால் மட்டும் தூக்கிக்கொள்ளும்படி பைண்டிங்கை (பூட்ஸை ஸ்கியோடு பிணைக்கும் பூட்டு) திறந்து வைத்து, நடப்பதுபோல் ஸ்கியைத் தள்ளித் தள்ளி ஏறுவார்கள். சாய்வு கூடி ஸ்கின் பிடிக்காமல் போனால் ஸ்கியை முதுகில் கட்டிக்கொண்டு, பூட்ஸில் கிராம்பான் என்ற இரும்புப் பல்சட்டம் மாட்டி, கையில் பனிக்கோடாரியோடு மேலே போவார்கள். உச்சிக்குப் போனதும் ஸ்கின்னை உரித்து மடித்து வைத்து, குதிகாலைப் பூட்டி, இறங்குவார்கள். ஐந்தாறு மணி நேரம் ஏறினதை ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். 2026 மிலான்-கார்ட்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் இதன் பந்தய வடிவம் சேர்க்கப்பட்டிருக்கிறது, ஆனால் அது குறுகிய தூர ஓட்டம். நான் பேசுவது, நடுராத்திரி எழுந்து தலைவிளக்கோடு கிளம்புகிற பழைய வடிவத்தை.

சரி, எரிமலைக்கு அந்தக் கூம்பு வடிவம் எப்படி வந்தது? லாரியில் மணல் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு கொட்டினாலும் குவியலின் பக்கங்கள் ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் செங்குத்தாகாது, மணல் தானாகவே சரிந்து கீழே வந்துவிடும். எரிமலை வாயிலிருந்து கக்கப்பட்டு விழும் கல்லும் சாம்பலும் அதே விதிக்குத்தான் கட்டுப்படும், அவை நிற்கும் கோணம் சுமார் 30 முதல் 35 டிகிரி. நடுவில் அவ்வப்போது ஓடும் எரிமலைக்குழம்பு அந்தக் குவியலைக் கட்டியாக்கும். லகார் என்ற எரிமலைச் சேற்றுவெள்ளமும் மழையும் அடிவாரத்துக்கு மண்ணை இழுத்து வந்து பரப்பும். அதனால் மேலே செங்குத்து, கீழே வர வர தட்டை என்று உள்வளைந்த ஒரு கோடு உருவாகிறது. ஸ்கி போடுகிறவனுக்கு இதைவிட நல்ல கோடு வரைந்து கொடுக்க முடியாது. மேலே திறமை கேட்கும், நடுவில் நீளமான வளைவுகள் போடவிடும், கீழே கால் சோர்ந்துபோகும் நேரத்தில் சாய்வும் குறைந்துவிடும்.

உயரக் கணக்கும் இங்கே வேறு மாதிரி. எரிமலைகள் பெரும்பாலும் சுற்றியிருக்கும் நிலத்திலிருந்து தனியாக எழுந்து நிற்பவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் செயின்ட் ஹெலன்ஸ் மலையின் உயரம் 2,549 மீட்டர்தான், பெரிய மலைத்தொடர்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் 'வர்ம் ஃப்ளோஸ்' என்ற குளிர்காலப் பாதையில் வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து உச்சி வரை சுமார் 1,700 மீட்டர் ஏற வேண்டும், அத்தனையும் இறங்கவும் கிடைக்கும். பக்கத்து மலையான ஆடம்ஸின் தென்மேற்குச் சாய்வில் நேர்கோடாக ஆயிரம் மீட்டருக்கு மேல் இடைவிடாமல் இறங்கலாம் என்பதற்காகவே வருடா வருடம் ஜூன் மாதத்தில் ஆட்கள் வருகிறார்கள்.

இப்போது முதல் ஏமாற்றைப் பாருங்கள். மணல் குவியலுக்குச் சொன்ன அந்த 30, 35 டிகிரி இருக்கிறதே, பனிச்சரிவுகள் அதிகமாகக் கிளம்பும் கோணம் 30 முதல் 45 டிகிரி வரை. அதாவது ஸ்கிக்கு மிகவும் பிடித்த சாய்வும் பனிச்சரிவுக்கு மிகவும் பிடித்த சாய்வும் ஒன்றே. சாதாரண மலையில் ஒரு சாய்வில் பயமிருந்தால் பக்கத்தில் ஒரு முகட்டில் ஏறி ஒதுங்கலாம், மரக்கூட்டத்துக்குள் நுழையலாம். வழுவழுப்பான கூம்பில் ஒதுங்க இடம் குறைவு, பனியைப் பிடித்து நிறுத்த மரமும் பாறையும் குறைவு. ஒரு இடத்தில் பிளந்தால் அந்தப் பிளவு பக்கவாட்டில் வெகுதூரம் ஓடும். அதனால்தான் பனி புதிதாக விழுந்த நாளில் கூம்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அனுபவமுள்ளவர்கள் கிளம்பமாட்டார்கள். எல்லோரும் உடம்பில் டிரான்ஸ்சீவர் (இருக்கும் இடத்தைக் காட்டும் ரேடியோ கருவி) கட்டியிருப்பார்கள், பையில் மண்வாரியும் நீளக்குச்சியும் இருக்கும். ஆனால் அவை எல்லாம் புதைந்தவரைத் தேடுவதற்குத்தான், புதையாமல் காப்பாற்றுவதற்கு இல்லை.

அதனால் பெரும்பாலானோர் காத்திருப்பது வசந்தகாலத்துக்கு. எரிமலை ஸ்கியின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பேன். பகலில் வெயில் பட்டு மேல்பனி உருகும், ராத்திரியில் மறுபடி உறையும். பல நாள் இப்படி உருகி உறைந்து, உருகி உறைந்து, பனித்துகள்கள் எல்லாம் சேர்ந்து சோளமணி அளவுக்கு உருண்டு திரண்டுவிடும். ஆங்கிலம் பேசும் ஸ்கிக்காரர்கள் இதை 'கார்ன்' என்றே சொல்வார்கள். விடியற்காலையில் இந்தப் பனி கண்ணாடி மாதிரி கெட்டியாக இருக்கும், கிராம்பான் 'கிறீச்' என்று கடிக்கும். வெயில் ஏற ஏற மேலே ஒரு விரல் ஆழத்துக்கு மட்டும் இளகும், அடியில் கெட்டித்தளம் அப்படியே இருக்கும். அந்த ஒரு விரல் ஆழம் இளகியிருக்கும் நேரத்தில் ஸ்கி வைத்தால் பட்டில் கத்தரி ஓடுவதுபோல் ஓடும். இந்த நேரம் ஒரு மணியோ இரண்டு மணியோதான். அதைத் தாண்டினால் முழங்கால் வரை ஈரச்சகதி, அதற்கும் மேல் ஈரப் பனிச்சரிவு.

கூம்பு வடிவத்தின் இன்னொரு வரம் இந்த இடத்தில் தெரிகிறது. வட்டமான மலை என்பதால் சூரியன் ஒவ்வொரு பக்கத்தையும் முறைவைத்துச் சுடுகிறது: காலையில் கிழக்கு, அப்புறம் தெற்கு, மதியத்துக்குப் பின் மேற்கு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே, சிலியிலோ நியூசிலாந்திலோ, நடுப்பகல் வெயில் வடக்குப் பக்கத்தில். மலையே ஒரு கடிகாரம் மாதிரி. எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு இளகும் என்று கணக்குப் போட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கா மூன்று மணிக்கா கிளம்புவது என்று முடிவு செய்கிறார்கள். சீக்கிரம் உச்சிக்குப் போய்விட்டால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், ஏனென்றால் உறைந்த பனியில் ஒரு முறை வழுக்கினால் கூம்பில் நிறுத்த எதுவும் கிடையாது, நூற்றுக்கணக்கான மீட்டர் இழுத்துக்கொண்டு போகும். தாமதமானால் உச்சியைப் பார்க்காமலே திரும்ப வேண்டும். உச்சிக்கு நூறு மீட்டர் கீழே நின்று கடிகாரத்தைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

கூம்பின் இரண்டாவது ஏமாற்று கொஞ்சம் நுட்பமானது, முதல்முறை புரிந்துகொண்டபோது நானே திகைத்துவிட்டேன். சாதாரண மலையில் ஒரு பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டால் அதுவே உங்களை ஒரு இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கூம்பில் உச்சி ஒரே புள்ளி, இறங்கும் வழிகளோ குடைக்கம்பிகள் மாதிரி எல்லாத் திசையிலும் விரிந்து போகின்றன. மேலே பத்து டிகிரி தவறாகத் திரும்பினால் அங்கே வித்தியாசமே தெரியாது. ஐந்து கிலோமீட்டர் இறங்கிய பிறகு நீங்கள் போக வேண்டிய இடத்திலிருந்து கிட்டத்தட்ட 870 மீட்டர் தள்ளி நிற்பீர்கள், நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கும். மேகம் மூடி எதிரே எதுவும் தெரியாதபோது மனிதன் செய்வது ஒன்றே ஒன்றுதான், கால் இழுக்கும் பக்கம் போவது. ஓரிகனில் உள்ள ஹூட் மலையில் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், 'மவுண்ட் ஹூட் முக்கோணம்'. தெற்குப் பாதையில் ஏறியவர்கள் திரும்பி வரவேண்டிய இடம் 1930களில் கட்டப்பட்ட டிம்பர்லைன் விடுதி. ஆனால் மேலிருந்து சாய்வின் போக்கிலேயே இறங்கினால் அது விடுதிக்குப் போகாது, மேற்கே விலகி ஜிக்ஜாக் பள்ளத்தின் விளிம்புக்கும் பாறை முகங்களுக்கும் கொண்டுபோய்விடும். கூட்டம் கூட்டமாக ஆட்கள் ஏறும் மலை, கீழே வெளிச்சமுள்ள விடுதி, ஆனாலும் அந்த முக்கோணத்துக்குள் பல பேர் வழி தவறியிருக்கிறார்கள். திசைகாட்டியில் தெற்கைப் பிடித்து, கால் இழுக்கும் பக்கத்தை நம்பாமல் இறங்க வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம்.

மேகம் மூடுவதும் அங்கே அபூர்வமாக நடக்கிற காரியம் இல்லை. தனியாக எழுந்து நிற்கும் மலை, ஓடி வரும் காற்றுக்குக் குறுக்கே முதல் தடை. ஈரக்காற்று அதில் மோதி மேலே எழும்பிக் குளிர்ந்து மேகமாகிவிடும். ஊரெல்லாம் வெயில் அடிக்கும்போது உச்சியில் மட்டும் தட்டு மாதிரி வழுவழுப்பாக ஒரு மேகம் உட்கார்ந்திருந்தால், தூரத்திலிருந்து பார்க்க ரொம்ப அழகு, உள்ளே புயல்காற்று. அந்த ஈரம் பாறையிலும் பனியிலும் பட்டு உறைந்து காலிஃப்ளவர் மாதிரி ஐஸ் கட்டிக்கொள்ளும், அதன் மேல் ஸ்கி ஓடாது. வானிலையின் கொடுமைக்கு உச்சி வரை போகவும் வேண்டாம். 2005 மே 18-ல் சிலியின் அந்தூக்கோ எரிமலை அடிவாரத்தில், குளிருக்கான உடை சரியாக இல்லாமல் நடத்திச் செல்லப்பட்ட ராணுவப் பயிற்சியாளர்கள் பனிப்புயலில் சிக்கினார்கள். 44 இளைஞர்களும் ஒரு சார்ஜென்ட்டும் இறந்தார்கள். அவர்கள் எந்தச் சிகரத்துக்கும் போகவில்லை, ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு நடந்தவர்கள்.

அப்புறம் பனியாறு. உயரமான எரிமலைகளில் பல வருடப் பனி இறுகி ஐஸாகி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும், அது வளைந்து இறங்கும் இடங்களில் வெடித்துப் பிளவுகள் விழும். வாஷிங்டன் மாநிலத்தின் 4,392 மீட்டர் உயரமுள்ள ரெய்னியர் இதற்கு நல்ல உதாரணம். அதன் அடியில் உள்ள பாரடைஸ் என்ற இடத்தில் 1971-72 பருவத்தில் மொத்தம் 28 மீட்டருக்கு மேல் பனி விழுந்தது. இவ்வளவு பனி விழுந்தால் பனிப்பிளவுகள் எல்லாம் மூடிப்போகும். மூடிப்போவது என்றால் இல்லாமல் போவது அல்ல, மேலே ஒரு பனிப்பாலம், அடியில் காலி. ஸ்கி எடையைப் பரப்பி வைப்பதால் நடப்பவரைவிட ஸ்கி போட்டவருக்கு அங்கே கொஞ்சம் பாதுகாப்பு அதிகம், அதற்காகக் கயிறும் மீட்புப் பயிற்சியும் இல்லாமல் போகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வடிவத்தால் வருகிற விஷயங்கள். வெப்பத்தால் வருகிறவை இனிமேல்தான், எந்தச் சாதாரண மலையிலும் இவை கிடையாது. ரெய்னியரின் உச்சியில் பனிக்கு அடியில் நீராவி குடைந்த குகைகள் இருக்கின்றன. 1870 ஆகஸ்ட்டில் ஹசார்ட் ஸ்டீவன்ஸும் வான் டிரம்பும் அந்த உச்சிக்கு ஏறியபோது (பதிவான முதல் ஏற்றம் அதுதான்) பொழுது சாய்ந்துவிட்டது, போர்த்திக்கொள்ள எதுவுமில்லை. அந்த நீராவிக் குகை ஒன்றில் ராத்திரியைக் கழித்துப் பிழைத்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 1875 ஏப்ரல் கடைசியில், கலிபோர்னியாவின் சாஸ்டா மலை உச்சியில் இயற்கை எழுத்தாளர் ஜான் மியூரும் அவருடைய துணைவர் ஜெரோம் ஃபேயும் பனிப்புயலில் மாட்டிக்கொண்டு அங்கிருந்த கொதிக்கும் சேற்றுக்குட்டையின் ஓரத்தில் படுத்துக் கிடந்தார்கள். அடிப்பக்கம் சுட்டுப் புண்ணானது, மேல்பக்கம் உறைந்து விறைத்தது, ஆனால் உயிர் தப்பியது. எரிமலையின் சூடு ஆட்களைக் காப்பாற்றிய கதைகள் இவை.

கொன்ற கதைகளும் இருக்கின்றன. பனிக்கு அடியில் ஆவி வெளிவரும் துளை இருந்தால், மேலே தெரியாமல் உள்ளே ஒரு அறை மாதிரி உருகிக்கொண்டே போகும். அந்த ஆவியோடு வரும் கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும், நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கலிபோர்னியாவின் மாமத் மலை ஒரு பெரிய ஸ்கி தலம், எரிமலையும்கூட. 2006 ஏப்ரல் 6-ல், கனத்த பனிப்பொழிவுக்குப் பிறகு, அங்கே ஒரு ஆவித்துளையைச் சுற்றி வேலி சரிசெய்துகொண்டிருந்த ஸ்கி காவலர்களில் இரண்டு பேர் பனி உடைந்து உள்ளே விழுந்தார்கள். காப்பாற்ற இறங்கிய மூன்றாமவரும் சேர்த்து மூவரும் இறந்தார்கள். யாருக்குமே தெரியாத துளை இல்லை அது, மற்றவர்கள் விழாமல் இருக்க வேலி போட்டு வைத்திருந்த துளை. ஹூட் மலையில் டெவில்ஸ் கிச்சன் என்ற பகுதியில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதிலுள்ள கெடுதல் என்னவென்றால், அளவு ரொம்பக் கூடிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போய்விடும். நாற்றம் போய்விட்டதே என்று நிம்மதி அடையக் கூடாது. ஈரானின் தமாவந்த் 5,600 மீட்டருக்கு மேல் உயரம், அங்கும் உச்சிக்குப் பக்கத்தில் கந்தகப் புகை. காற்று அந்தப் பக்கம் வீசினால், மூச்சு ஏற்கெனவே முட்டும் உயரத்தில், தொண்டை எரிச்சலோடு திரும்ப வேண்டியதுதான்.

ஜப்பானின் ஹக்கோதா மலைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும். அது ஒரு எரிமலைக் கூட்டம். 1902 ஜனவரியில் அங்கே பனிக்காலப் பயிற்சிக்குப் போன ராணுவப் படையில் 210 பேரில் 199 பேர் இறந்தார்கள். ஜப்பான் ராணுவம் ஸ்கி மேல் அக்கறை காட்ட அந்தத் துயரமும் ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். 1911 ஜனவரியில் ஆஸ்திரிய ராணுவ அதிகாரி தியோடோர் ஃபான் லெர்ச் தகாடா நகரில் படைவீரர்களுக்கு ஸ்கி கற்றுக்கொடுத்தார், ஜப்பானில் ஸ்கி வேரூன்றியது அங்கிருந்துதான். அவரே ஃபூஜியின் சாய்விலும் ஹொக்கைடோவின் யோதேயிலும் ஸ்கி கட்டி ஏறினார், இரண்டும் எரிமலைகள். அதே ஹக்கோதாவில் 1997 ஜூலையில், பனியெல்லாம் போன கோடையில், பயிற்சியில் இருந்த தற்காப்புப் படையினர் மூன்று பேர் ஒரு சின்னக் குழியில் தேங்கியிருந்த எரிமலை வாயுவில் மூச்சுத்திணறி இறந்தார்கள். 95 வருட இடைவெளியில் குளிரும் வாயுவும் ஒரே மலையில் ஆளைக் கொன்றிருக்கின்றன.

மலை வெடித்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் அவ்வளவு நேராக இல்லை. எரிமலைக்குழம்பு மேலே வரும் பெரிய வெடிப்புகள் பெரும்பாலும் நிலநடுக்கம், நிலம் வீங்குவது, வாயு கூடுவது என்று முன்கூட்டியே சாடை காட்டும். நீராவி வெடிப்பு அப்படி இல்லை. நிலத்துக்குள் இருக்கும் தண்ணீர் சூடேறி, அழுத்தம் தாங்காமல், குக்கர் மூடி பறப்பதுபோல் பறக்கும், குழம்பு மேலே வரவேண்டிய அவசியமே இல்லை. 2014 செப்டம்பர் 27-ல் ஜப்பானின் ஒன்தாகேயில் எச்சரிக்கை மிகக் குறைந்த நிலையில் இருந்தபோதே வெடித்தது, நடைபயணம் போனவர்களில் 58 பேர் இறந்தார்கள், 5 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஸ்கிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான சம்பவம் 2018 ஜனவரி 23, ஜப்பானின் குசாத்சு-ஷிரானே எரிமலையில் நடந்தது. கவனமெல்லாம் பல காலமாக யுகாமா என்ற எரிமலை வாயின் மேல்தான் இருந்தது. வெடித்தது அங்கிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மோட்டோ-ஷிரானே. பறந்து வந்த கற்கள் ஸ்கி தலத்தின் ரோப்வே பெட்டிகளைத் துளைத்தன. அங்கே ஸ்கி பயிற்சியில் இருந்த தற்காப்புப் படை வீரர் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள்.

பனி இருப்பதால் வெடிப்பின் குணமும் மாறிவிடுகிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. சூடான கல்லும் சாம்பலும் பனியில் விழுந்தால் பனி உருகும், உருகின தண்ணீர் சாம்பலையும் பாறையையும் அள்ளிக்கொண்டு ஈரச் சிமெண்ட் மாதிரி பள்ளங்களில் பாயும். இதுதான் லகார். 1985 நவம்பர் 13-ல் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸில் நடந்த வெடிப்பு பெரிய வெடிப்பே இல்லை, ஆனால் உச்சிப் பனியை உருக்கிக் கிளப்பிய லகார் ஆர்மெரோ நகரைப் புதைத்து, சுமார் 23,000 உயிர்களை எடுத்தது. நியூசிலாந்தின் ருவாபெஹுவில் உச்சியிலேயே ஒரு ஏரி இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் வகாபாபா, டுரோவா என்று ஸ்கி தலங்கள். 1995, 1996 வெடிப்புகளில் ஸ்கி தலங்களை மூட வேண்டி வந்தது. 2007 செப்டம்பர் 25 ராத்திரி முன்னறிவிப்பு இல்லாமல் அது வெடித்தபோது, உச்சிக்குப் பக்கத்துக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மலையேறியின் கால் பாறையில் நசுங்கியது, பிறகு முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. ஒரு லகார் வகாபாபா ஸ்கி பகுதிக்குள்ளும் வந்தது, இருட்டிய பிறகு என்பதால் கூட்டம் இல்லை. அங்கே ஒலிபெருக்கி எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள், அதன் அறிவுரை ஒன்றுதான்: பள்ளத்தை விட்டு மேட்டுக்கு ஏறு. யோசித்துப் பாருங்கள், ஸ்கி போட்டவன் உடம்பு தப்பிக்க நினைக்கும் திசை கீழ்நோக்கி, பள்ளத்தின் வழியாக. லகார் வரும் வழியும் அதுவே.

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள எட்னா இன்னொரு வகை. கடலைப் பார்த்துக்கொண்டே பனியில் இறங்கலாம் என்பதால் சிசிலிக்கு ஸ்கி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் நிறைய. 2002-ல் வடக்குப் பக்கத்துப் பியானோ ப்ரோவென்சானாவில் லிஃப்டுகளையும் விடுதிகளையும் எரிமலைக்குழம்பு விழுங்கியது, பிறகு மறுபடி கட்டினார்கள். எட்னாவின் குழம்பு மெதுவாக ஊர்ந்து வருவதால் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. 2017 மார்ச் 16-ல் அப்படி ஊர்ந்து வந்த குழம்பு பனியைத் தொட்டது, அடியில் சிக்கிய பனி நீராவியாகி வெடித்தது, சுற்றி நின்ற பத்துப் பேர் வரை காயமடைந்தார்கள். அவர்களில் பிபிசி படக்குழுவினரும் இருந்தார்கள். சூடும் பனியும் தொட்டுக்கொள்ளும் கோட்டின் பக்கத்தில் நிற்கவே கூடாது, அவ்வளவுதான்.

சிலியின் வில்யாரிக்கா இந்த எல்லாவற்றோடும் சேர்ந்து வாழக் கற்றுக்கொண்ட மலை. 2,847 மீட்டர், உச்சியில் பல வருடங்களாகக் குழம்பு ஏரி, கீழே புக்கோன் நகரம், நடுவே ஒரு ஸ்கி தலம். நகரத்தில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விளக்கு. பச்சையாக இருந்தால் உச்சிக்குப் போகலாம். மஞ்சள் ஆனதும் எரிமலை வாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு உள்ளே விடமாட்டார்கள். 2015 மார்ச் 3 விடியற்காலையில் அது நெருப்பு ஊற்றாகப் பீய்ச்சியபோது ஆயிரக்கணக்கானோரை அவசரமாக வெளியேற்றினார்கள். மஞ்சள் விளக்கு எரியும்போது "ஒன்றும் ஆகாது, பாதி வழி வரை போய் வரலாம்" என்று பேசும் ஆட்களை எங்கேயும் பார்க்கலாம். பாதி வழி என்பது எந்தப் பள்ளத்தில் முடிகிறது என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனி மேல் மெல்லிய சாம்பல் படிந்தால் அது கறுத்து வெயிலை உறிஞ்சி வேகமாக உருகும், அதே சாம்பல் கனமாகப் படிந்தால் போர்வை மாதிரி பனியைக் காப்பாற்றிவிடும். சின்ன வெடிப்புக்குப் பிறகு கூம்பின் ஒரு பக்கம் மட்டும், காற்று வீசிய திசையில், வரிவரியாகக் குழிந்து ஸ்கிக்கு ஆகாமல் கிடப்பது இதனால்தான். சாம்பல் என்று பெயரே தவிர அது பொடித்த கண்ணாடியும் பாறையும், ஸ்கியின் அடிப்பக்கத்தை உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும்.

எனக்கு எல்லாவற்றையும்விட நெருக்கமான மலை செயின்ட் ஹெலன்ஸ். 1980 மே 18 காலை 8:32-க்கு அதன் வடக்குப் பக்கமே இடிந்து விழுந்து வெடித்தது, 57 பேர் இறந்தார்கள், மலையின் உயரம் சுமார் 400 மீட்டர் குறைந்தது. 1987-ல் மறுபடி ஏற அனுமதித்தார்கள், இப்போதும் ஆண்டு முழுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். தெற்கிலிருந்து ஸ்கியில் ஏறிப் போனால் மலை ஒரு நல்ல கூம்பு மாதிரியே இருக்கும், கடைசி அடி வரைக்கும். அங்கே திடீரென்று மலை முடிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் கிடையாது, விளிம்புக்குக் கீழே நூற்றுக்கணக்கான மீட்டர் செங்குத்து. குளிர்காலக் காற்று அந்த விளிம்பில் பனியை வெளியே நீட்டி ஒரு திண்ணை மாதிரி கட்டி வைக்கும், மேலிருந்து பார்த்தால் கெட்டித் தரை போலத்தான் இருக்கும். 2010 பிப்ரவரியில் அதன் மேல் நின்ற ஒருவர் அது உடைந்து எரிமலை வாய்க்குள் விழுந்து இறந்தார். அதனால் தெரிந்தவர்கள் உச்சி என்று நினைக்கும் இடத்துக்குப் பல மீட்டர் முன்னாலேயே நின்று ஸ்கின்னை உரிப்பார்கள், எட்டிப் பார்க்க ஆசை இருந்தாலும் எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள்.

எட்டிப் பார்த்தால் தெரியக்கூடியது என்ன என்று சொல்கிறேன். வெடிப்புக்குப் பிறகு அந்தக் குழிக்குள் தெற்குச் சுவரின் நிழலில் பனி சேர்ந்தது, வெயில் படாததால் உருகவில்லை, மேலிருந்து விழும் பாறைகளும் பனிச்சரிவுகளும் சேர்ந்து இறுகி, உலகத்தின் மிக இளைய பனியாறுகளில் ஒன்றாக ஆனது. 2004-ல் அதன் நடுவே புதிய குழம்பு மேடு ஒன்று மேலே வரத் தொடங்கியது. பனியாறு உருகிப் போய்விடும் என்று எதிர்பார்த்திருப்போம். அது உருகவில்லை, மேடு தள்ளியதில் கிழக்குக் கை, மேற்குக் கை என்று இரண்டாகப் பிரிந்து, நசுங்கி, தடித்து, முன்னைவிட வேகமாக நகர ஆரம்பித்தது. 2008 மே மாதம் அந்த இரண்டு கைகளும் சூடான மேட்டைச் சுற்றி வந்து, வடக்குப் பக்கத்தில் ஒன்றை ஒன்று தொட்டன.